ஃபீஸ் இல்லாத வகுப்பும் சிவப்பு வெள்ளைக் கம்பும்

புவியியல் சொல்லிக்கொடுக்கிறவளுக்குப் பூமி உருண்டை என்று தெரிந்தால் போதாது. எந்த ஊரில் எந்தத் தெருவில் நாயை அவிழ்த்து விட்டிருப்பார்கள் என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

உங்களில் யாராவது டெம்பரரி வேலை பார்த்து, மாதக் கடைசியில் "அடுத்த மாசம் நான் உண்டா?" என்று கேட்கப் பயந்து வாயைப் பொத்திக்கொண்டு இருந்தவர்களாக இருந்தால், கொஞ்சம் கிட்டே வந்து உட்காருங்கள். இது நமக்குள்ளே பேச வேண்டிய விஷயம். 1991-இல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு அரசுக் கல்லூரியில் நான் தற்காலிக விரிவுரையாளர். சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். குன்றத்தூரில் மலைக்கோயிலுக்குப் போகிற தெருவில் ஒரு அறை எடுத்துத் தங்கி, தினமும் பஸ்ஸில் போய் வந்தேன். பயப்படுவதற்கென்றே பிறந்தவள் நான். நாய்க்குப் பயம், போலீஸுக்குப் பயம், பிரின்சிபாலின் செருப்புச் சத்தத்துக்குப் பயம். பயம் வந்தால் வாயை மூடிக்கொண்டு இருக்கவும் தெரியாது. கூடவே கோபம் வந்துவிடும். என்னத்தைச் சொல்ல, அப்படியொரு பிறவி.

சுற்றறிக்கை வரும் நேரம்

என் வகுப்பில் முக்கால்வாசிப் பேர் பெண்கள். புவியியல் மேல் இருந்த ஆசையில் வந்தார்கள் என்று நினைத்தால் நீங்கள் ரொம்ப நல்லவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அரசாங்கம் ஓர் உத்தரவு போட்டிருந்தது. ஏழைக் குடும்பத்துப் பெண்களுக்கு டிகிரி முடிக்கும்வரை ஃபீஸ் கிடையாது, அதை அரசாங்கமே ஏற்றுக்கொள்ளும் என்று. அதை நம்பித்தான் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து இந்தப் பிள்ளைகள் வந்தார்கள். மற்ற பாடங்களில் இடம் நிரம்பிப்போனதால் மிச்சமிருந்த புவியியலில் வந்து விழுந்தார்கள். அவர்கள் வந்து சேர்ந்த வருஷம் பார்த்து ஆட்சி மாறியது. புதிதாக வந்தவர்கள் பழைய உத்தரவை வைத்துக்கொள்வார்களா, தூக்கிப் போடுவார்களா? பிள்ளைகளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பிரின்சிபாலுக்கும் தெரியாது, ஆனால் அவர் தெரிந்த மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார்.

எங்கள் துறையின் அட்டெண்டர் முனுசாமி அண்ணன். ஆபீஸிலிருந்து வரும் சுற்றறிக்கையை வகுப்பு வகுப்பாகக் கொண்டுவருவதும் அவர்தான். ஒருநாள் நான் பருவக்காற்று நடத்திக்கொண்டிருக்கும்போது அவர் பேப்பரும் கையுமாக வாசலில் வந்து நின்றார். அவ்வளவுதான். எழுதிக்கொண்டிருந்த பேனாக்கள் அப்படியே நின்றன. யாரும் மூச்சு விடவில்லை. ஃபீஸ் திரும்பி வந்துவிட்டது என்று தீர்மானம் செய்துவிட்டார்கள். வாங்கி வாசித்தேன். மாணவர்கள் சைக்கிளைப் புளியமரத்தடியில் நிறுத்தக் கூடாதாம். அந்த வகுப்பில் சைக்கிள் வைத்திருந்தவர்களே இரண்டு பேர்தான்.

முன் பெஞ்சில் தேவகி என்று ஒரு பெண். வல்லக்கோட்டைக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊர், அப்பா பயிர் வைக்கிறவர். நல்ல உயரம், இரட்டைச் சடை, கேள்வி கேட்கும்போது பெஞ்சைப் பிடித்துக்கொண்டே எழுந்திருப்பாள். அன்றைக்கும் எழுந்தாள். பருவக்காற்றைப் பற்றித்தான் கேட்கப் போகிறாள் என்று நான் சாக்பீஸை எடுத்தேன். அவள் கேட்டது இதைத்தான்: "மேடம், ஃபீஸ் திரும்பி வந்துச்சுன்னா முன்னாடியே சொல்லிட்டு நிறுத்துவாங்களா, இல்ல ஒருநாள் வந்து எழுந்திரிச்சுப் போங்கன்னு சொல்லிடுவாங்களா?"

முதல் கம்பு

புவியியல் படிப்பில் நில அளவை என்று ஒரு செய்முறைப் பாடம் உண்டு. இரும்புச் சங்கிலியும், ஆள் உயரத்துக்கும் மேலே சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை பட்டையாகப் பெயிண்ட் அடித்த கம்புகளும் எடுத்துக்கொண்டு வெட்டவெளிக்குப் போக வேண்டும். அங்கே கம்பை நட்டு, சங்கிலியை இழுத்து, அளந்ததைப் படமாகப் போட வேண்டும். வடக்குப்பட்டுப் பக்கம் ஒரு ஏரி காய்ந்து கிடந்தது. பஞ்சாயத்துத் தலைவரிடம் முன்கூட்டியே சொல்லியும் வைத்திருந்தோம். அவர் சரி என்று தலையாட்டிவிட்டு அன்றைக்குக் காஞ்சிபுரத்துக்குக் கல்யாணத்துக்குப் போய்விட்டார். ஊரில் யாருக்கும் சொல்லவில்லை.

அந்த வருஷம் எங்கள் பக்கத்து டீக்கடைகளில் ஒரே பேச்சுதான். பெரிய பெரிய கம்பெனி வரப்போகிறது, கழனி கொல்லி எல்லாவற்றையும் கவர்மெண்ட்டு எடுத்துக் கொடுக்கப்போகிறது என்று. கழனி நஞ்சை, கொல்லி மானாவாரிப் புஞ்சை. எடுப்பதற்கு முன்னால் என்ன வரும் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. சிவப்பு வெள்ளைக் கம்பு வரும். அது எனக்கு மட்டும் தெரிந்திருக்கவில்லை.

தேவகி உயரமானவள் என்பதால் முதல் கம்பை அவள் கையில் கொடுத்தேன். அவள் கரையோரம் போய் அதை நிமிர்த்தி நிறுத்தி நான்கு நிமிஷம் இருக்காது. புல் அறுத்துக்கொண்டிருந்த பெண்கள் அரிவாளோடு எழுந்து நின்றார்கள். ஒருத்தி ஊர்ப்பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தாள். கரை மேல் ஆட்கள் வரிசையாகத் தெரிந்தார்கள். வேட்டியை மடித்துக் கட்டின ஒருவர் நேரே வந்து எங்கள் சங்கிலியின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். பிள்ளைகள் என் முதுகுக்குப் பின்னால் வந்து கும்பலாக ஒட்டிக்கொண்டார்கள். முனுசாமி அண்ணன் எங்கே என்று திரும்பிப் பார்த்தால் அவர் ஒரு பனைமரத்துக்குப் பின்னால், மரத்தின் அகலத்துக்குத் தகுந்த மாதிரி ஒடுங்கி நின்றுகொண்டிருந்தார்.

"இது படிப்புங்க, காலேஜ் பாடம்" என்றேன். என் தெற்கத்திப் பேச்சைக் கேட்டதும் அவர்களுக்குச் சந்தேகம் உறுதியாகிவிட்டது. வெளியூர்க்காரி, கையில் நோட்டு, கூடச் சங்கிலி. "காலேஜுல குந்திகினு படிக்காம ஏரில இன்னா படிப்பு?" என்று ஒருத்தர் கேட்டார். நியாயமான கேள்விதான். எனக்குப் பயத்தில் கோபம் வந்து, "ஏரியைப் பத்தின பாடத்தை ஏரியிலதான் நடத்தணும்" என்று கத்திவிட்டேன். கத்தியது தப்பு என்று அரிவாள்களைப் பார்த்ததும் புரிந்தது. தேவகி மட்டும் கம்பை விடாமல் பிடித்தபடி, யாரோ தெரிந்த முகத்தைக் கண்ட மாதிரி தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். சங்கிலி மேல் உட்கார்ந்திருந்தவர் கடைசியில் எழுந்து, மண்ணைத் தட்டிவிட்டு என்னிடம் சொன்னார்: "எடுக்கறதுன்னா எடுத்துக்கோ, அத்த நாங்க தடுக்க முடியாது. அதுக்கு எதுக்கும்மா எங்க ஊட்டுப் பொண்ணுங்களையே இட்டாந்து அளக்குற?"

பஸ்ஸில் வந்த நீளமான சாமான்

பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, கம்புகளையும் சங்கிலியையும் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு நானும் முனுசாமி அண்ணனும் பஸ் ஏறினோம். அந்த வருஷம் மே மாதம் குண்டு வெடித்த பிறகு ஸ்ரீபெரும்புதூர் ரோட்டில் சாக்கில் சுற்றின சாமானோடு பஸ் ஏறுவது எப்பேர்ப்பட்ட புத்திசாலித்தனம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வாடகைக்குக் குடியிருந்த வெளியூர்க்காரர்களையெல்லாம் போலீஸ் ஒருதடவைக்கு இரண்டுதடவை விசாரித்த காலம். என் வீட்டுக்காரம்மாவிடம்கூட நான் எந்த ஊர், யாரெல்லாம் வந்து போகிறார்கள் என்று கேட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

பஸ்ஸை நிறுத்தி ஏறிய ஏட்டு நேரே எங்கள் சாக்குக்குத்தான் வந்தார். இறக்கினார்கள். பிரித்தார்கள். சங்கிலி சரசரவென்று ரோட்டில் கொட்டியது. பஸ் முழுக்க ஜன்னலில் தலைகள். "எந்த ஊரும்மா? பேச்சு வேற மாதிரி இருக்கே" என்றார். கோவில்பட்டி என்று சொல்ல வாயெடுத்தால் என் ஊர்ப் பெயரே எனக்கு வரவில்லை. முனுசாமி அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டபடி, யாரும் கேட்காமலேயே தன் அப்பா பேர், தாத்தா பேர், குலதெய்வம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் கல்லூரி அடையாள அட்டையைக் காட்டி, பெண்பிள்ளைகளுக்கு அரசாங்கம் ஃபீஸ் இல்லாமல் சொல்லிக்கொடுக்கிற படிப்பு சார் இது என்று சொன்னேன். ஏட்டு ஒரு கம்பைக் கையில் எடுத்துத் தூக்கிப் பார்த்தார். அவர் வீட்டிலும் படிக்கிற வயதில் பெண் இருந்திருக்க வேண்டும், குரல் இறங்கிவிட்டது: "படிக்கிறதுக்கு இதெல்லாம் எதுக்கும்மா, புக்கு குடுக்க மாட்டாங்களா?"

பச்சைப் பெயிண்ட்

மறுநாள் முனுசாமி அண்ணன் லேபில் கம்புகளைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் நின்றார். பிறகு, இவற்றுக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்துவிட்டால் என்ன என்று கேட்டார். செடிகொடிகளுக்கு நடுவே ஒருத்தருக்கும் தெரியாதாம். அண்ணே, தூரத்திலிருந்து பார்த்தால் நமக்குத் தெரியவேண்டும் என்பதற்காகத்தானே சிவப்பும் வெள்ளையும், பச்சை அடித்தால் நமக்கே தெரியாதே என்றேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை. "நமக்குத் தெரியலன்னா மார்க்குதான் போவும் மேடம், அவங்களுக்குத் தெரிஞ்சா ஆளே போயிடுவோம்."

மேல்கொல்லி

அதற்குப் பிறகு தேவகி வரவில்லை. முன் பெஞ்சில் அவள் இடம் காலியாகக் கிடந்தது. காய்ச்சல் என்று ஒருத்தி சொன்னாள், கல்யாணம் என்று இன்னொருத்தி. இப்படி நின்றுபோனால் பிள்ளைகள் திரும்பி வரமாட்டார்கள் என்று துறைத் தலைவர் சொன்னார். அவர் சொன்ன விதம், பஸ் போய்விட்டது என்று சொல்கிற மாதிரி இருந்தது. நான் கையில் கொடுத்த கம்புதானே. சனிக்கிழமை வல்லக்கோட்டையில் இறங்கி, வழி கேட்டுக் கேட்டு அவள் ஊருக்குப் போய்ச் சேர்ந்தேன். தெருமுனையில் இரண்டு நாய்கள். கையில் இருந்த குடையை விரித்துக்கொண்டே அவற்றைக் கடந்தேன்.

தேவகியின் அப்பா கன்னியப்பன் வாசலில் களைக்கொட்டுக்குப் பிடி மாட்டிக்கொண்டிருந்தார். எழுந்து, "வாங்கம்மா, குந்துங்க" என்று ஒரு முக்காலியை நகர்த்தினார். மரியாதையில் குறைவில்லை. ஆனால் தேவகி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்ததும், "உள்ள போ" என்றார்.

"பொண்ணு மேல தப்பு இல்லம்மா" என்று அவரே ஆரம்பித்தார். "அன்னிக்கி ஏரில கம்பு புடிச்சிகினு நின்னுச்சாமே. எம் பங்காளி பாத்துட்டு வந்து ஊர் பூரா சொல்லிட்டான். கன்னியப்பன் பொண்ண வெச்சே நம்ப நெலத்த அளக்க வராங்கன்னு. தெருவுல தல காட்ட முடில. நான் ஒண்ணு கேக்குறேன், கோச்சிக்காதீங்கோ. எங்கப்பன் காலத்துலேர்ந்து இந்த கவர்மெண்ட்டு எனுக்கு ஓசில இன்னா குடுத்துகிது? உரத்துக்குத் துட்டு, தண்ணிக்கித் தீர்வ. இப்போ திடீர்னு எம் பொண்ணுக்கு டிகிரி ஓசின்னா, பின்னாடி இன்னாத்தையோ கேக்கப் போறான்னுதான அர்த்தம்? மொதல்ல ஃபீஸு வேணாம்னான். அப்பால கையில கம்ப குடுத்துட்டான்."

எனக்குச் சுள்ளென்று வந்தது. "ஓசின்னு சொல்லாதீங்க. நீங்க கட்டுன வரியிலேர்ந்துதான் உங்க பிள்ளைக்கு ஃபீஸ் போகுது. உங்க பையில தீப்பெட்டி இருக்குல்ல, எடுங்க. நான் தீப்பெட்டி ஊர்லேர்ந்து வந்தவ. இந்தப் பெட்டிக்குக்கூட நீங்க வரி கட்டியிருக்கீங்க. பீடி பத்த வச்ச ஒவ்வொரு தடவையும் உங்க பொண்ணு படிப்புக்குக் கொடுத்திருக்கீங்க, தெரியுமா?" அவர் தீப்பெட்டியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முதல்முறையாகக் கொஞ்சம் சிரித்தார். அந்தச் சிரிப்பு நிலைக்கவில்லை.

"சரி, ஓசி இல்ல. அது நாளைக்கே நின்னு பூட்டா? ஆட்சி மாறிடுச்சின்றாங்கோ. அதுக்கும் நான் ஒரு வழி வெச்சிருந்தேம்மா. மேல்கொல்லி ஒண்ணு கீது. வேர்க்கடல போடுவேன். ஃபீஸு கேட்டாங்கன்னா அத்த வித்தாவது படிக்க வெச்சிடலாம்னு எம் மனசுக்குள்ள இருந்துது, பொண்ணுகிட்டகூட சொல்லல. இப்போ அந்தக் கொல்லிக்கே ஆள் வரான்னா நான் எத்த நம்பி அனுப்புறது?" நிலத்தை யாரும் எடுக்கப் போவதில்லை, அது சும்மா டீக்கடைப் பேச்சு, நாங்கள் அளந்தது வெறும் பாடம் என்று என்னென்னவோ சொன்னேன். நன்றாகத்தான் பேசினேன் என்று நினைக்கிறேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, பிடி மாட்டிய களைக்கொட்டைத் தரையில் தட்டிப் பார்த்தபடி சொன்னார்: "உங்கள மாதிரி நல்லா பேசுறவங்கதாம்மா மொதல்ல வருவாங்க. பேசாதவங்க அப்பால வருவாங்க."

பேசாதவங்க

வந்தார்கள். நான் டீக்கடைப் பேச்சு என்று சொல்லி ஒரு மாதம்கூட ஆகவில்லை. தேவகி ஊருக்கு ஜீப்பில் வந்து, எங்கள் கம்பு மாதிரியே கம்பு, எங்கள் சங்கிலி மாதிரியே சங்கிலி. யார், எதற்கு என்று யாரிடமும் பேசவில்லையாம். எல்லைக் கல்லைத் தேடிச் சுண்ணாம்பு தடவி, முளைக்குச்சி அடித்து, அளந்து எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். போகும்போது அவர்களில் ஒருவர் மட்டும், கேட்டதற்காக, ஒவ்வொரு நிலமும் எவ்வளவு என்று வாயால் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

இது தெரியாமல் நான் லேபில் இருந்தபோது, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னியப்பன் நின்றார். கூடவே தேவகி. டி.சி. வாங்க வந்திருக்கிறார், எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அவர் டி.சி. கேட்கவில்லை. மூலையில் சாத்தி வைத்திருந்த கம்புகளைக் காட்டி, அதை ஒருநாள் தரமுடியுமா என்று கேட்டார். வந்தவர்கள் அளவைக் குறைத்துத்தான் எழுதியிருப்பார்கள், பிள்ளை படித்த பிள்ளை, அவள் அளந்து பார்க்கட்டும், தப்பு என்று தெரிந்தால் தாலுக்கா ஆபீஸில் போய் நிற்கலாம், நிலத்தை எடுப்பதை நிறுத்திவிடலாம் என்று ஊரில் பேசி முடிவெடுத்திருக்கிறார்கள். பங்காளிகூட ஒப்புக்கொண்டாராம்.

துறைத் தலைவரிடம் போனேன். ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலமே இருந்தவர் அவர். விஷயத்தைக் கேட்டதும் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். ஜன்னலையும் சாத்தினார். தண்ணீர் குடித்தார். மாணவர்களுக்கு வயலில் பயிற்சி கொடுக்க வேண்டும் என்று பாடத்திட்டத்திலேயே இருக்கிறதே சார், எந்த வயல் என்று போடவில்லையே என்று நான் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். என் தற்காலிக வேலை அந்த நிமிஷம் எந்த நூலில் தொங்கியது என்று எனக்குத் தெரியும். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டி, சுவரைப் பார்த்துச் சொன்னார்: "கவர்மெண்ட்டு சம்பளத்துல, கவர்மெண்ட்டு கம்பை எடுத்துட்டுப் போய், கவர்மெண்ட்டு அளந்ததை அளக்கப் போறீங்க. நான் இன்னைக்கு லீவும்மா, என்னை நீங்க பார்க்கவே இல்லை."

தேவகி அளந்தது

ஞாயிற்றுக்கிழமை காலையில் வகுப்பிலிருந்து நான்கு பெண்கள், நான், பனைமரம் இருக்கிற இடம்தானா என்று முன்கூட்டியே விசாரித்துவிட்டு வந்த முனுசாமி அண்ணன். மேல்கொல்லியைச் சுற்றி ஊரே வரப்பில் நின்றது. யாரும் சத்தம் போடவில்லை. அந்த அமைதி அன்றைக்கு ஏரியில் பார்த்த அரிவாள்களைவிடப் பயமாக இருந்தது. தேவகி பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். கம்பை எங்கே நட வேண்டும், சங்கிலியை யார் பிடிக்க வேண்டும் என்று அவளே சொன்னாள். "மேடம், சங்கிலி தொய்யுது, இழுத்துப் புடிங்க" என்று என்னையும் அதட்டினாள். நிலத்தை முக்கோணம் முக்கோணமாகப் பிரித்து அளந்து, மூன்று கால் மேஜை மேல் காகிதத்தை விரித்துக் கணக்குப் போட ஆரம்பித்தாள்.

போட்டு முடித்தவள் நிமிரவே இல்லை. பிறகு என்னைத் தனியாக வேப்பமரத்துப் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள்.

"சரியா இருக்குது மேடம். அவங்க சொன்னதேதான் வருது."

"நல்லதுதானேம்மா."

"இல்ல மேடம். அப்பா தப்பா இருக்கும்னு நம்பிகினு கீறாரு. ஊரே நம்பிகினு கீது. சரின்னு நான் சொன்னா, ஓசில படிச்சவ அவங்க பக்கம் பேசுறான்னு சொல்லுவாங்க. அப்பா என்னை இனிமே அனுப்பமாட்டாரு. கொஞ்சம் கொறையுதுன்னு சொல்லிடட்டா?"

சொல்லு என்று சொல்லவும் பயம், சொல்லாதே என்று சொல்லவும் பயம். ஆசிரியை என்று பேர், என் வாயில் வந்ததெல்லாம் "இன்னொருதடவை அளப்போமா?" என்பதுதான். அளந்தோம். வெயில் ஏறிவிட்டது. அதே கணக்குதான் வந்தது. நான் போய்ச் சொல்கிறேன் என்று நான்கு அடி வைத்தேன். அவள் என்னைத் தாண்டிக்கொண்டு நேரே அப்பாவிடம் போனாள்.

"அவங்க அளந்தது சரிப்பா. ஒண்ணும் கொறயல" என்றாள். கடைசி வரப்பு வரைக்கும் கேட்டது. பங்காளி காறித் துப்பினார். "ஃபீஸு இல்லாம படிக்க வெச்சவன வுட்டுக்குடுக்குமா அது?" என்றார். "கம்முனு இரு" என்றார் கன்னியப்பன். அவர் போய்ச் சுண்ணாம்பு தடவின எல்லைக் கல்லின் பக்கத்தில் நின்றார். குனிந்து அதைத் தொட்டார். விரலில் ஒட்டின வெள்ளையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். "இவ்ளோ சரியா அளந்துகினு போயிருக்கான்னா மெய்யாலுமே எடுக்கப் போறான்" என்று மெதுவாகச் சொன்னார். அதைக் கேட்டபிறகு வரப்பில் நின்றவர்கள் ஒவ்வொருவராகக் கலைந்து, அவரவர் நிலத்துப் பக்கம் நடந்தார்கள். என் கையில் சங்கிலியின் நுனி இருந்தது. அதைக் கீழே போடக்கூட எனக்குத் தோன்றவில்லை.

கன்னியப்பன் மகளைக் கூப்பிட்டார். அவள் அடி விழப்போகிற மாதிரி தோளை ஒடுக்கிக்கொண்டு போனாள். "நாளைக்கி காலேஜு கீதா?" என்று கேட்டார். "கீதுப்பா" என்றாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. நிலத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "போயிடு. ஃபீஸு கேட்டா விக்கிறதுக்கு இந்த மேல்கொல்லி கீதுன்னு இத்தினி நாளு தைரியமா இருந்தேன். இனிமே அந்த ஓசிய வுட்டா உனுக்கு வேற கெதி இல்ல. அத்த நிறுத்துறதுக்குள்ள படிச்சி முடிச்சிடு."

மூன்று வருஷமும் முனுசாமி அண்ணன் சுற்றறிக்கையோடு வாசலில் வந்து நிற்கும்போதெல்லாம் என் வகுப்பு மூச்சை நிறுத்தியது, என்னையும் சேர்த்து. என் வேலையையும் மாதாமாதம் பயமுறுத்திப் பயமுறுத்தியே நீட்டித்துக்கொண்டு வந்தார்கள். ஃபீஸ் வரவில்லை. தேவகி கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு வெளியே வந்த அன்றைக்குக்கூட, "இனிமே கேட்டாலும் கேக்க முடியாதுல்ல மேடம்?" என்றுதான் முதலில் கேட்டாள். மேல்கொல்லியை எடுக்க ஆள் வர அதற்கும் பிறகு சில வருஷம் ஆனது. இப்போது அந்தப் பக்கம் பஸ்ஸில் போனால் அங்கே நீளமாக ஒரு காம்பவுண்டுச் சுவர் தெரிகிறது.

அரசாங்கம் ஒரு கையால் படிப்பைக் கொடுத்தது, இன்னொரு கையால் நிலத்தை எடுத்தது, இரண்டு கைக்கும் நடுவே சிவப்பு வெள்ளைக் கம்பைப் பிடித்துக்கொண்டு நடுங்குவதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள், அதுவும் டெம்பரரியாக.